ஊர்க் கூடத்து டிவிக்கு எது: கேபிளா, டிஷ்ஷா, நெட்டா?

கெடிலக்கரை:
கடலூர் துறைமுகத்தை ஒட்டிய மீனவர் ஊர் எங்களுடையது. சமுதாயக் கூடத்துக்குப் புது டிவி வாங்கியாச்சு, இணைப்புதான் முடிவாகவில்லை. பெரியவர்கள் கேபிள் கேட்கிறார்கள், பையன்கள் ஃபைபர் நெட் கேட்கிறார்கள். நான் தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் என்கிறேன். பெட்டியும் டிஷ்ஷும் ஒரு தடவை வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது. ஊர்ப் பணத்தில் மாதாமாதம் கட்டுவது என்றால், ஒரு மாதம் பொறுப்பாளர் கடலுக்குப் போயிருந்தாலும் டிவி நின்றுவிடும்.

துறைமுகத்தான்:
தம்பி, ஃப்ரீ டிஷ்ஷில் கட்டணச் சேனல் வராது. சன் டிவியும் விஜய் டிவியும் இல்லாத டிவியை ஊரில் யார் பார்ப்பார்கள்? கேபிள்காரர் நம்ம ஊர்க்காரர். காலையில் சொன்னால் மத்தியானத்துக்குள் ஏணியோடு வந்து நிற்பார். கம்பெனிக்குப் போன் போட்டால் புகார் எண்தான் கிடைக்கும்.

கெடிலக்கரை:
இந்தியா ஆடும் கிரிக்கெட் எங்கே வரும் அண்ணே? தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007-ல் சட்டமே வந்தது. அந்தச் சிக்னல் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான், கேபிளுக்கும் தனியார் டிஷ்ஷுக்கும் கிடையாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேபிளில் அதே மேட்ச்சைப் பார்க்க ஸ்போர்ட்ஸ் சேனலுக்குத் தனிக் காசு.

வெள்ளிக் கடற்கரை:
ஐபிஎல் அந்தக் கணக்கில் வராதுண்ணே. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கட்டிக் கிடக்கும், ஆள் எல்லாம் கூடத்தில்தான், ஐபிஎல்லும் அப்போதுதான். நெட் போட்டால் ஆப்பில் பார்க்கலாம், கடலுக்குப் போகும்முன் அலை எச்சரிக்கையும் பார்க்கலாம். ஆளுக்குப் பத்து ரூபாய் வாங்கினால் செலவு வந்துவிடும்.

மஞ்சக்குப்பம்:
காசு மட்டும் வாங்காதீர்கள். பொதுமக்களிடம் பணம் வாங்கிக்கொண்டு ஒளிபரப்பைக் காட்டுவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 37-வது பிரிவு தடுக்கிறது. ஆப் சந்தாவும் பெரும்பாலும் சொந்த உபயோகத்துக்கு என்றுதான் தருகிறார்கள். கேபிளோ டிஷ்ஷோ எடுத்தாலும் இது ஊர்ப் பொதுக்கூடம் என்று முதலிலேயே சொல்லி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பு என்று எழுதிவிட்டால் பிறகு வம்பு.

அலைவாய்:
எல்லோரும் மேட்ச்சைப் பற்றியே பேசுகிறீர்கள். பழைய டிவி இருந்தபோது எங்கள் ஊர்க் கூடத்தில் பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்ததே இல்லை. அம்மா காலி மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசல்படியில் நின்றபடியே பார்ப்பாள். உள்ளே சீட்டாட்டம். ரிமோட் யாராவது ஓர் ஆணின் சட்டைப்பையில் இருக்கும். எந்த இணைப்பானாலும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை டிவி எங்களுக்கு, ரிமோட்டும் எங்களிடம். இதை ஊர்க்கூட்டத்தில் எழுதிவைத்தால்தான் நாங்கள் பணம் தருவோம். அப்புறம், கேபிள் என்றால் பேக்கேஜ் எடுக்காதீர்கள். 2019-லிருந்து வேண்டிய சேனலைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். தமிழ்ச் சேனல் நாலைந்து போதும்.

கெடிலக்கரை:
நேரம் ஒதுக்குவதற்கு நான் முழு சம்மதம் அக்கா. ஆனால் புயல் நேரத்தில் கேபிள் நிற்குமா? 2011 டிசம்பர் 30-ல் அடித்த 'தானே' என்ற புயலில் கம்பத்தோடு ஒயரும் போச்சு.

துறைமுகத்தான்:
அன்றைக்குக் கரண்டே இல்லை தம்பி, பல ஊரில் வாரக்கணக்கில் இல்லை. டிஷ் இருந்து என்ன பயன்? மழை அடர்ந்தால் எந்த வீட்டு டிஷ்ஷிலும் படம் போகும், அதற்கு வரும் கேயூ பேண்ட் என்ற அலை மழையில் வலு இழந்துவிடும். கேபிள்காரர் பெரிய டிஷ்ஷில் சி பேண்ட் என்ற வேறு அலையில் எடுப்பதால் வெறும் மழைக்குத் தாங்கும். காற்று வந்தால்தான் ஒயருக்கு ஆபத்து. புயலுக்கு பேட்டரி ரேடியோ ஒன்று வாங்கி வையுங்கள், புதுச்சேரி வானொலி நன்றாகவே எடுக்கும்.

வெள்ளிக் கடற்கரை:
அப்படியென்றால் ஃப்ரீ டிஷ்ஷை நிரந்தரமாக வைத்து, தமிழ்ச் சேனலுக்குக் கேபிளும் போடலாமே? ஸ்போர்ட்ஸ் சேனலைத் தடைக்கால இரண்டு மாதம் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

துறைமுகத்தான்:
இரண்டு பெட்டி, இரண்டு ரிமோட். பழுதானால் யார் பொறுப்பு? ஒன்று போதும், அது கேபிள்.

அலைவாய்:
இரண்டு பெட்டியானாலும் சரி, ஒன்றானாலும் சரி. ஞாயிறு ஊர்க்கூட்டத்துக்குப் பெண்களையும் கூப்பிடுங்கள், மீதியை அங்கே பேசிக்கொள்வோம்.