ஸ்லிப் டெஸ்ட் வைத்தால் நிஜமாகவே படிப்பு ஏறுமா? (பத்தாம் வகுப்பு, அறிவியல்)

தாமிரபரணி டீச்சர்:

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் 42 பேர். இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

ஒன்று, எங்கள் ஹெச்.எம். ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்து ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு பிள்ளையும் பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா, செய்து கற்பவரா என்று எழுதி, அதன்படி வகுப்பை மூன்று குழுவாகப் பிரிக்க வேண்டுமாம். உளவியல் ஆராய்ச்சி அப்படித்தான் சொல்கிறது என்கிறார். உண்மையா?

இரண்டு, என் நிஜமான தலைவலி. மின்னோட்டவியல் நடத்தினேன். இரண்டு பல்பு, ஒரு பேட்டரி வைத்துச் செய்தும் காட்டினேன். பக்க இணைப்பில் இன்னொரு மின்தடையைச் சேர்த்தால் தொகுபயன் மின்தடை, அதாவது சுற்றின் மொத்த மின்தடை, கூடுமா குறையுமா என்று அன்றைக்கே கேட்டால் வகுப்பே "குறையும் மிஸ்" என்கிறது. காலாண்டில் அதே கேள்விக்குப் பாதிக்கு மேல் "கூடும்". நல்லாப் படிக்கிற பிள்ளைகளும்தான். புத்தகத்தைத் திறந்து காட்டினால் "ஆமா மிஸ், இது தெரியுமே" என்கிறார்கள். தினமும் ஸ்லிப் டெஸ்ட் வை என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் சொல்கிறார், அதெல்லாம் வெறும் மனப்பாடம் என்று இன்னொருவர். பி.எட்.டில், படித்தது நாளாக ஆக எப்படி மறக்கிறது என்று காட்டும் எபிங்ஹாஸின் மறத்தல் வளைகோட்டை வரைந்து மார்க் வாங்கியதோடு சரி. வகுப்பில் அதை வைத்து என்ன செய்வது?

சாக்பீஸ் தூள்:

படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், அதற்காகச் சண்டை வேண்டாம். குழு மட்டும் பிரிக்காதீர்கள்.

2008-ல் ஹரால்ட் பாஷ்லர், மார்க் மெக்டேனியல், டக் ரோரர், ராபர்ட் பியார்க் என்ற நான்கு உளவியலாளர்கள் இதைத்தான் தோண்டிப் பார்த்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பார்த்துக் கற்கும் பிள்ளைக்குப் படத்தால் நன்றாக ஏற வேண்டும், கேட்டுக் கற்கும் பிள்ளைக்குப் பேச்சால் நன்றாக ஏற வேண்டும், மாற்றிக் கொடுத்தால் இருவருக்கும் குறைய வேண்டும். அப்படிக் காட்டினால்தான் பிரிப்பதில் அர்த்தம். அதை உறுதியாகக் காட்டும் ஆய்வு அநேகமாக இல்லை என்பதே அவர்கள் முடிவு. பிள்ளைகளுக்கு விருப்பம் இருக்கலாம், அது வேறு.

இதயத்தின் அறைகளை நடத்த எல்லோருக்கும் படம் வேண்டும். ஒலியியலுக்கு எல்லோருக்கும் இசைக்கவை வேண்டும். பாடம் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுங்கள்.

ஆறாவது பீரியட்:

நான் கணக்கு வாத்தியார், ஓய்வு பெற்றாயிற்று. ஸ்லிப் டெஸ்ட் பற்றி எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், "இது தெரியுமே" என்று பிள்ளைகள் சொல்வது பொய்யல்ல. பக்கத்தைப் பார்த்தால் பழகிய முகம் மாதிரி இருக்கிறது. பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறு வேலை. அந்த வேலையை நாம் பிள்ளைகளுக்குப் பரீட்சை அன்று மட்டும்தான் கொடுக்கிறோம்.

செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் செய்து 2006-ல் வெளியிட்ட சோதனை இது. மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றி ஒரு பத்தி, கடல் நீர்நாயைப் பற்றி ஒரு பத்தி. ஒன்றை இரண்டு முறை படித்தார்கள். மற்றொன்றை ஒரு முறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் இருந்ததைத் தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இரண்டு முறை படித்ததுதான் முன்னே, 81 சதவீதம். எழுதிப் பார்த்தது 75. ஆனால் ஒரு வாரம் கழித்து? படித்தது 42-க்கு இறங்கிவிட்டது, எழுதிப் பார்த்தது 56-ல் நின்றது. உங்கள் மின்தடைக் கதையும் இதுதான். நடத்திய அன்றே கேட்டதால் வகுப்பே சரியாகச் சொன்னது.

நம் பள்ளிகளில் சாயங்கால ஸ்டடி நேரத்தைப் பாருங்கள். வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து, புக் பேக் விடையை விரல் வைத்துச் சத்தமாகப் படித்துக்கொண்டே இருப்பார்கள். பார்க்கிற நமக்கும் ஒரு திருப்தி. 2013-ல் ஜான் டன்லாஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, திரும்பப் படிப்பதும் அடிக்கோடு இடுவதும் பலன் குறைந்த வரிசையில்தான் வந்தன. தனக்குத்தானே தேர்வு வைத்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது, இந்த இரண்டும் மேலே.

அப்படியானால் நாம் வைக்கும் ஸ்லிப் டெஸ்ட் ஏன் பலிப்பதில்லை? நேற்று நடத்தியதை மட்டும் கேட்கிறோம், அதை அப்புறம் தொடுவதே இல்லை. போதாக்குறைக்கு மார்க் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுகிறோம். மார்க் வந்த உடனே பையன் பக்கத்துத் தாளைப் பார்க்கிறான். பார்த்து எழுதினால் நினைவிலிருந்து எடுக்கும் வேலை நடப்பதே இல்லை. போன ஜூன் மாதப் பாடம் காலாண்டு வரை அப்படியே தூங்குகிறது.

நான் பழக்கப்படுத்திய முறை இது. மணி அடித்து முதல் ஐந்து நிமிடம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்வி: நேற்றையது ஒன்று, போன வாரத்தது ஒன்று, இரண்டு மூன்று மாதப் பழசு ஒன்று. தாள் வாங்குவதில்லை, மார்க் இல்லை. எழுதி முடித்த உடனே விடையைப் போர்டில் போட்டுவிடுவேன், அவரவர் திருத்திக்கொள்ள வேண்டும். இந்தத் திருத்தம் முக்கியம், விட்டுவிட்டால் "கூடும்" என்ற தப்பே கெட்டிப்பட்டுவிடும். பழையதை எவ்வளவு நாள் கழித்துக் கேட்பது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. நிக்கோலஸ் செபெடா குழுவினர் 2008-ல் 1,350-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள். சில மாதம் முதல் ஒரு வருடம் வரை நினைவில் நிற்க, ஏறக்குறைய மூன்று வாரம் விட்டுத் திரும்பத் தொட்டவர்களுக்குப் பலன் அதிகம். பப்ளிக் மார்ச்சிலோ ஏப்ரலிலோ இருக்க, ஜூன் பாடத்தைப் பிப்ரவரி ரிவிஷனில்தான் திறக்கிறோம்.

கணக்குக்கு இன்னொன்று உண்டு. அளவியலில் கூம்புப் பயிற்சி என்றால் பத்துக் கணக்கும் கூம்பு. பையன் கேள்வியைப் படிக்கவே வேண்டாம், சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் போதும். அரையாண்டில் கூம்பு, அரைக்கோளம், இடைக்கண்டம் (நுனி வெட்டிய கூம்பு) கலந்து வந்ததும் திகைக்கிறான். மேலே சொன்ன நால்வரில் ஒருவரான ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-ல் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு விதத் திண்ம உருவங்களின் கன அளவைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே வகையாகப் போட்டவர்கள் பயிற்சியில் 89 சதவீதம், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு: முதல் கூட்டம் 20, கலந்து போட்டவர்கள் 63. அதனால் நான் கூம்புக் கணக்கு நாலு போட்டதும் நிறுத்திவிட்டு மீதியை அடுத்தடுத்த வாரங்களில் மற்றவற்றோடு கலந்து கொடுப்பேன். பசங்க முணுமுணுப்பார்கள், தப்பும் கூடும். பெற்றோர் நோட்டைப் பார்த்து "என்ன சார், இவ்வளவு சிவப்பு மை" என்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

கடைசி பெஞ்ச்:

படிக்க நன்றாக இருக்கிறது சார். அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனை என் எட்டாம் வகுப்புக்கு எவ்வளவு தூரம் ஒத்துவரும்? என்னிடம் தமிழே எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். மூடி வைத்து எழுது என்றால் வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே போகாததை எப்படி வெளியே எடுப்பது? அப்புறம், ஸ்லிப் டெஸ்ட் என்ற பேரைக் கேட்டாலே முட்டி போட வைத்ததும் இம்போசிஷனும்தான் அவர்களுக்கு நினைவு வரும்.

ஆறாவது பீரியட்:

தம்பி, நியாயமான கேள்வி. பேரை மாற்றிவிடுங்கள். நான் "ஞாபகம் இருக்கா" என்றுதான் சொல்வேன்.

கல்லூரியோடு நிற்கவில்லை. ரோரர் பின்னர் ஃப்ளோரிடாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கணக்கைக் கலந்து கொடுத்துப் பார்த்தார், 2015-ல் வெளியானது. ஒரு மாதம் கழித்து வைத்த தேர்வில் கலந்து செய்தவர்கள் 74 சதவீதம், மற்றவர்கள் 42.

ஆனால் நீங்கள் சொல்லும் பிள்ளைகளுக்கு இது முதல் மருந்து இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அங்கே ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-ல் காட்டியது உதவும். இயற்கணிதம் புதிதாகப் படிப்பவர்களை நேரே கணக்குப் போடச் சொல்வதைவிட, முழுதாகச் செய்து காட்டிய கணக்கைப் படிக்க வைத்தால் சீக்கிரம் ஏறுகிறது. நான் ஒரு கணக்கை முழுதாகப் போர்டில் போட்டு, அடுத்ததில் கடைசி வரியை மட்டும் அழித்துவிட்டு நிரப்பச் சொல்வேன். அதற்கடுத்ததில் இரண்டு வரி. அந்த ஏழெட்டுப் பேரிடம் எழுதச் சொல்லாமல் வாயால் கேளுங்கள். முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தாலும் தப்பில்லை.

தாமிரபரணி டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. சார், ஒரு சந்தேகம். மார்க் இல்லாத டெஸ்ட் என்றால் ஹெச்.எம். "பதிவேடு எங்கே" என்று கேட்பாரே?

திங்கட்கிழமைக்கு எழுதி வைத்திருக்கிறேன், சரியா பாருங்கள்.

1. பக்க இணைப்பில் இன்னொரு மின்தடை சேர்த்தால் தொகுபயன் மின்தடை என்ன ஆகும்?
2. கிட்டப்பார்வைக்கு எந்த லென்ஸ்?
3. நியூட்டனின் மூன்று இயக்க விதிகளையும் எழுதுக.

ஆறாவது பீரியட்:

வெள்ளிக்கிழமை வழக்கமாக வைக்கும் டெஸ்ட்டின் மார்க்கைப் பதிவேட்டில் போடுங்கள், அவருக்கு அது போதும். காலை ஐந்து நிமிடத்தை அவர் எண்ணப்போவதில்லை.

முதல் கேள்வியில் "ஏன்" என்பதையும் சேருங்கள். இல்லையென்றால் குருட்டாம்போக்கில் பாதிப்பேர் சரியாக எழுதிவிடுவார்கள். மூன்றாவது வேண்டாம், அது ஐந்து நிமிடத்தையும் தின்றுவிடும், அதோடு அதைத்தான் மனப்பாடம் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்கிறார்கள். பஸ் சடன் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் ஏன் முன்னால் சாய்கிறார்கள், ஒரே வரியில், என்று கேளுங்கள்.

சாக்பீஸ் தூள்:

இரண்டாவதை அப்படியே விடுங்கள். அடுத்த வாரம் அதையே தூரப்பார்வையாக மாற்றிக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் லென்ஸை மாற்றாமல் எழுதுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.