புதுப்பிப்பு: மீத்தேன் இப்போது சொந்தக் காலில் நிற்கிறது

களிமண் உருண்டையில் தீக்குச்சி செருகிச் செய்த மூலக்கூறு மாதிரிகள் காய்ந்ததும் ஆட்டம் கண்டுவிடுகின்றன, வேறு வழி உண்டா என்று பதினொன்றாம் வகுப்புக்காகக் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது தெர்மோகோல் உருண்டையும் பல்குத்தும் குச்சியும்தான். அதைவிட, மீத்தேனின் பிணைப்புகளுக்கு இடையேயுள்ள கோணமான 109.5 பாகைக்கு ஓர் அட்டை வெட்டி வைத்துக்கொள்ளச் சொன்னாரே ஒருவர், அவருக்குத் தனி வணக்கம். முதல் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி, அட்டையை ஒட்டிப் பிடித்து மற்ற மூன்றையும் சாய்வாகச் செருகினேன். மேலிருந்து பார்த்தால் அவற்றுக்கிடையே 120 பாகை. மேசையில் வைத்தால் முக்காலிபோல் நிற்கிறது.

எனாமல் பெயின்ட் மட்டும் வேண்டாம். கார்பனுக்குக் கறுப்பு பூசிவிட்டுத் திரும்பினால், உருண்டை பொரித்த அப்பளம்போல் குழிகுழியாகக் கரைந்திருந்தது. தெர்மோகோல் என்பது பாலிஸ்டைரீன்; பெயின்டின் கரைப்பான் அதைத் தின்றுவிட்டது. வேதியியல் ஆசிரியைக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா! போஸ்டர் கலர் பூசினால் தொல்லையில்லை.

பலூன் யோசனையும் வீண்போகவில்லை. ஒரே அளவில் ஊதிய நான்கு பலூன்களின் முடிச்சுகளைச் சேர்த்துக் கட்டினால் அவையே மீத்தேனைப்போல் நான்முகி (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட) வடிவம் எடுத்துக்கொள்கின்றன.

எதிர்பாராதது இது: இரு கார்பன்களை ஒரே குச்சியால் இணைத்த ஈத்தேனைத் திருகிப் பார்த்த மாணவி, இரண்டு குச்சிகளால் இணைத்த எத்திலீனையும் திருக முயன்று, "இது ஏன் திரும்பவில்லை, டீச்சர்?" என்றாள். இரட்டைப் பிணைப்பு பற்றிய அடுத்த வாரத்துப் பாடம் அன்றே தொடங்கிவிட்டது.

தண்ணீருக்கு 104.5 பாகையில் வேறு அட்டை வெட்டுங்கள். நான் மறந்துபோய் ஆறு மாதிரிகளைப் பிரித்துக் குத்தினேன்.