கர்க்லாந்தில் ஏரி தெரியும் வீட்டுக்குக் கூடுதல் வாடகை தகுமா?

புதுக்குடி:
வாஷிங்டன் ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள கர்க்லாந்தில் வீடு தேடுகிறேன். வேலை ரெட்மண்டின் ஓவர்லேக்கில். வாரம் இரண்டு நாள் சியாட்டில் டவுன்டவுன். ஒரே கார். ஜூலை, ஆகஸ்டில் அப்பா, அம்மா வருகிறார்கள். இருவருக்கும் 65 தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி. பகலில் அவர்களே வெளியே போய்வர வேண்டும். ஏரி தெரியும் வீடு எடுக்கலாமா?

மேற்குவெயில்:
என் கணக்கில் தகாது. ஏரி மேற்கே இருக்கிறது, ஆகவே ஏரி தெரியும் பால்கனி என்றாலே மேற்கு வெயில். ஜூலையில் பொழுது சாய ராத்திரி 9 ஆகும். பிற்பகல் முழுக்கக் கண்ணாடி வழியே அடித்துக்கொண்டே இருக்கும். பழைய அபார்ட்மென்ட்கள் பலவற்றில் ஏசி கிடையாது, சீலிங் ஃபேனும் இருக்காது. 2021 ஜூன் 28-இல் சியாட்டிலில் 42 டிகிரி தொட்டது. ‘மதுரை வெயிலையே பார்த்தவர்கள்’ என்று அசட்டையாக இருக்காதீர்கள். இங்கே வீடுகள் குளிருக்காகக் கட்டியவை.

ஜன்னல்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்பவை, சாதாரண ஜன்னல் ஏசி உட்காராது. குழாய் வைத்த போர்ட்டபிள்தான் வழி, அதிலும் இரட்டைக் குழாய் வாங்குங்கள். ஒற்றைக் குழாய் மெஷின் அறைக்காற்றையே வெளியே தள்ளும். அந்த இடத்துக்குக் கதவிடுக்கு வழியாக வெளிச்சூடு உள்ளே வரும். ஜன்னலில் குழாய் மாட்ட அனுமதி உண்டா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

இன்னொன்று, மேடு. கரையிலிருந்து கிழக்கே நகர நகர ஏற்றம். மேப்பில் 600 மீட்டர்தான் என்று காட்டும், திரும்பி வரும்போது முழங்கால் சொல்லும். கிராஸ் கர்க்லாந்து காரிடாருக்குப் பக்கத்தில் தேடுங்கள். பழைய ரயில் தடம் என்பதால் ஏறத்தாழ சமதளம், 9 கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம்.

பஸ்255:
ஓவர்லேக்குக்கு 245-ஆம் நம்பர் பஸ் நேராகப் போகும். சியாட்டிலுக்கு 255. ஆனா அது டவுன்டவுன் வரை போகும்னு யாராவது சொன்னா, அது 2020 மார்ச்சுக்கு முந்தைய கதை. இப்ப யூனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன் ஸ்டேஷன்ல இறங்கி 1 லைன் ரயில் ஏறணும். பஸ், ரயில் ரெண்டுக்கும் கட்டணம் கட்டுற ஓர்கா கார்டு கட்டாயம் வாங்குங்க. பஸ்ல காசு போட்டு வாங்குற தாள் டிரான்ஸ்ஃபர் ரயில்ல செல்லாது, கார்டுன்னா 2 மணி நேரத்துக்குள்ள மாறினா முதல்ல கட்டினதைக் கழிச்சுக்கும். 65 தாண்டினவங்களுக்குச் சலுகைக் கார்டு தனியா இருக்கு, ஒரு தடவைக்கு 1 டாலர். வயசைக் காட்டும் அடையாளத்தோட விண்ணப்பிக்கணும்.

கார்ல போனா 520 மிதவைப் பாலத்துல டோல். கார்ல ஒட்டுற ‘குட் டு கோ’ டோல் பாஸ் இல்லேன்னா தபால்ல பில் வரும், 2 டாலர் கூடுதல். நிறையப் பேர் ஏமாறுறது இங்கேதான்: 405 நெடுஞ்சாலை டோல் லேன்ல, அந்தப் பாஸ்லயே ஃப்ளெக்ஸ்னு ஒரு வகையை எச்ஓவி (பல பேர் சேர்ந்து போற கார்) பக்கம் தள்ளி வெச்சா, போதுமான ஆள் இருந்தா இலவசம். அதே நினைப்புல 520 ஏறினா எத்தனை பேர் இருந்தாலும் கட்டணம் உண்டு. அவசரம் இல்லேன்னா தெற்கே சுத்தி ஐ-90 பாலம், அங்க டோல் இல்லை.

கோரைப்புல்:
பெரியவர்களுக்கு மரீனா பார்க்கை விட வானிட்டா பே பார்க் நல்லது (ஸ்பெல்லிங்கைப் பார்த்து ‘ஜுவானிட்டா’ என்று வழி கேட்காதீர்கள்). 1916-இல் கப்பல் கால்வாய் வெட்டியபோது ஏரிமட்டம் 9 அடியளவு இறங்கியது; அப்போது வெளிப்பட்ட சதுப்பு நிலம் இது. மரப்பலகைப் பாதையில் ஆமை, நாரை பார்த்தபடி மெதுவாக நடக்கலாம்.

குளிக்க இறங்குவதானால் முதலில் கவுன்டியின் தண்ணீர்ப் பரிசோதனைப் பக்கத்தைப் பாருங்கள். வாத்து எச்சத்தால் பாக்டீரியா ஏறினால் கரையை மூடிவிடுவார்கள். வெளியே வந்ததும் துண்டால் அழுத்தித் துடையுங்கள், காயவிட்டால் நத்தையிலிருந்து வரும் ஒட்டுண்ணி தோலுக்குள் புகுந்து அரிக்கும். மே மாத வெயிலை நம்பிக் குதிக்கவே கூடாது. காற்று சுட்டாலும் தண்ணீர் 15 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும், மூச்சு திணறும்.

புதுக்குடி:
ஏரி பார்வையை விட்டுவிட்டேன். 245, 255 இரண்டும் நிற்கும் இடம் எது?

பஸ்255:
கர்க்லாந்து டிரான்சிட் சென்டர், 3-வது தெரு. நூலகம் பக்கத்துலயே. வெயில் நேரத்துக்கு அப்பாவை அங்க உட்கார வைக்கலாம், ஏசி இருக்கு.