பொருள்: நுரை பொங்கும் சோதனைக்குப் பெயர் வேண்டும் (நாளை மாலைக்குள்)

மதுரையிலிருந்து:
அன்பர்களே, ஏழாம் வகுப்புப் பயிற்சித்தாள் நாளை மாலை அச்சுக்குப் போகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடில் பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசலைக் கொஞ்சம் விட்டு, வெதுவெதுப்பான நீரில் ஊறிய ஈஸ்டை ஊற்றினால், பாட்டில் வாயிலிருந்து நுரை பாம்பாக எழுந்து வழியுமே, அந்தச் சோதனை. ஆங்கிலத்தில் 'யானைப் பற்பசை' என்கிறார்கள். நாம் என்ன போடலாம்? இன்னொன்று: இதில் சூடும் வெளிவருமே, அதை 'வெப்ப உமிழ் வினை' என்று எழுதினால், "துப்புமா டீச்சர்?" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

தஞ்சையிலிருந்து:
யானையின் பல்லுக்குப் பசையா, யானைப் பல்லில் செய்த பசையா? கல்பொரு சிறுநுரையார் என்று புலவரையே நுரையால் அழைத்த மொழிக்கு இரவல் எதற்கு? 'பொங்குநுரை' எனலாம்; வினைத்தொகை, முக்காலத்துக்கும் ஆகும். வெப்ப உமிழ் வினைக்கு 'நீற்றுவினை'. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்தால் கொதித்துப் பூக்கிறதே, அதுதான் நீற்றுதல். நீறு, நீர், நீர்மை மூன்றும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் கருத்து. தனி மடலில் விரிக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் பாடநூல்களில் 'புறவெப்பத் தாக்கம்'. ஒருவரும் சிரிப்பதில்லை. ஈஸ்டுக்கு மதுவம் என்ற சொல்லும் இருக்கிறது.

மதுரையிலிருந்து:
இங்கே தாக்கம் என்றால் புயலின் தாக்கம்தான் ஐயா. 'மதுவம்' என்று அச்சிட்டால் பெற்றோர் பள்ளி வாசலில் நிற்பார்கள்.

கோவையிலிருந்து:
வேதியியல்காரன் குறுக்கிடுகிறேன். 'பொங்கு' என்றதும் பிள்ளைக்குப் பொங்கல் பானைதான் தோன்றும். அங்கே அடுப்பின் சூடு உள்ளே போகிறது; இங்கே வினையே சூட்டை வெளிவிடுகிறது. நுரைக்குள் இருப்பதும் ஆக்சிஜன், நீராவி அன்று. சமையல் சோடாவில் வினிகர் விட்டாலும் நுரைக்கும், ஆனால் தம்ளரைத் தொட்டால் சில்லென்றிருக்கும். நுரை வந்தால் சூடு வரும் என்று எந்தப் பிள்ளையும் முடிவு கட்டிவிடக் கூடாது. சோதனைக்கு ஒரு பெயர், வினைக்கு வேறு பெயர். 'சூடுவிடு வினை' எப்படி? பெயர் எதுவானாலும் 3 சதவீதக் கரைசல், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி என்று போட்டுவிடுங்கள்.

தஞ்சையிலிருந்து:
சூடுவது பூவையும்தான்.

மதுரையிலிருந்து:
நேரமாகிவிட்டது. தலைப்பு 'யானைப் பற்பசை'. பாடத்தில் 'வெப்ப உமிழ் வினை', அடைப்புக்குறிக்குள் 'சூட்டை வெளிவிடும் வினை'. நால்வர் தனி மடலில் இதற்கே கைதூக்கினார்கள். சோடா-வினிகரையும் இரண்டாம் சோதனையாகச் சேர்த்துவிட்டேன்.

தஞ்சையிலிருந்து:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். நீறு பற்றிய மடல் பாதி முடிந்திருக்கிறது, ஞாயிறன்று அனுப்புகிறேன்.