பிக்காசோவின் கூத்தாடிக் குடும்பம் (1905): அந்தப் பெண் ஏன் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள்?

கேள்வி:
வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள படம். ஆறு பேர் இருக்கிறார்கள். சர்க்கஸ் கூடாரமும் இல்லை, வேடிக்கை பார்க்கும் கூட்டமும் இல்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வலது ஓரத்தில் தொப்பி போட்ட பெண் தரையில் தனியாக இருக்கிறாள். குடும்பச் சண்டையா? அல்லது பிக்காசோ தன் வறுமையைச் சொல்கிறாரா? இதை எப்படிப் படிப்பது?

பதில் 1:
கதையைத் தேடாமல் முதலில் கைகளைப் பாருங்கள். இடது ஓரத்தில் கட்டம்போட்ட உடையில் நிற்கும் ஹார்லெக்வின் (பழைய இத்தாலிய நாடகங்களின் கோமாளிப் பாத்திரம்), சிறுமியின் கையைப் பிடித்திருக்கிறான். படத்தில் இருவர் தொட்டுக்கொள்வது அங்கே மட்டும்தான். சிவப்பு உடைக் கோமாளி, முரசு சுமக்கும் பையன், பக்கத்தில் சின்னவன், எல்லாரும் நெருக்கியடித்து நின்றும் ஒட்டவில்லை. அவர்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் வரும் இடைவெளிதான் உங்களை உறுத்துகிறது.

பதில் 2:
சண்டை என்று சொல்ல ஆதாரம் இல்லை. மாஸ்கோ புஷ்கின் அருங்காட்சியகத்தில் இதற்கான முன்வரைவு இருக்கிறது. அதில் பின்னணியில் குதிரைப் பந்தயம் நடக்கிறது. சிறுமி ஒரு நாயைத் தடவுகிறாள். இறுதிப் படத்தில் பந்தயம் போய் வெறும் மண்மேடு வந்தது. நாய் இருந்த இடத்தில் பூக்கூடை. கை மட்டும் பழையபடியே நீண்டிருக்கிறது. கூடையைத் தூக்காமல் அதன் பிடிமேல் சும்மா கிடப்பது அதனால்தான். தொப்பி போட்ட பெண்ணுக்குத் தனி முன்வரைவு உண்டு. ‘மயோர்காப் பெண்’ (மயோர்கா ஒரு ஸ்பானியத் தீவு) என்ற பெயரில் அதுவும் புஷ்கினில்தான் இருக்கிறது. தனியாக உருவானவளைப் படத்துக்குள் கொண்டுவந்த பிறகும் பிக்காசோ மற்றவர்களோடு சேர்க்கவில்லை. சுமார் 2.1 மீட்டர் உயரமும் 2.3 மீட்டர் அகலமும் உள்ள துணியில் இடத்துக்கா பஞ்சம்? வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. வெறுமையும் அப்படியே, ஒவ்வொன்றாக நீக்கி வரவழைத்தது.

பதில் 3:
பிக்காசோ தன் கதையைச் சொல்கிறாரா என்பது பற்றி: பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் இருந்த மெத்ரானோ சர்க்கஸுக்கு அவர் அடிக்கடி போனவர். ஹார்லெக்வின் முகத்தில் அவருடைய சாயல் இருப்பதாகப் பலரும் சொல்வது ஏற்கத்தக்கதே. அதற்காக மற்ற ஐந்து பேருக்கும் நண்பர்களின் பெயரை ஒட்டினால் படம் விடுகதையாகிவிடும். அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயின் கவிதை வழியாக இந்தப் படத்துக்கு வருபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 1915-இல் மியூனிக்கில் இந்தப் படம் தொங்கிய வீட்டில் தங்கியிருந்தவர் அவர். அவருடைய ‘டுயினோ இரங்கற்பாக்கள்’ தொகுப்பின் ஐந்தாம் கவிதை பிறந்ததில் இந்தப் படத்துக்கும் பங்கு உண்டு. கவிதையில் வித்தைக்காரர்களின் காலடியில் தேய்ந்துபோன கம்பளம் ஒன்று வரும். படத்தில் கம்பளமே இல்லை, வித்தையும் இல்லை. கவிதையை ஓவியத்தின் மேல் விரிக்காதீர்கள்.

பதில் 2 (மீண்டும்):
ஒரு சோதனை. படத்தைப் பெரிதாக்கி, அந்தப் பெண்ணை ஒரு தாளால் மறையுங்கள். மீதி ஐந்து பேரும் புறப்படத் தயாரான கோஷ்டி போலத் தெரிவார்கள். தாளை எடுத்ததும் யாரோ பின்தங்குகிறார் என்ற எண்ணம் வரும். கைபேசித் திரையில் இது பிடிபடாது. அந்த இடைவெளி விரலகலம்கூட இராது.