பொருள்: பாதாளத்தை எடுத்துவிட்டு ‘அயலுலகம்’ என்று வைப்போமா?

அனைவருக்கும் வணக்கம்.

வெல்ஷ் தொன்மத்தை வைத்து எழுதிய அந்த இடைக்கால மிகுபுனைவுக் காதல் நாவலுக்கு நம் குழுவில் வந்த கருத்துகளை ஒரே கோப்பாகத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். பதினொரு பேர் எழுதியிருக்கிறீர்கள். அதில் அனூன் என்ற இடத்துக்கு, அதாவது வெல்ஷ் கதைகளில் வரும் அந்த இன்னொரு உலகத்துக்கு, மட்டும் ஆறு சொற்கள்: பாதாளம், கீழுலகம், மறுவுலகம், மறுமை உலகம், நாகலோகம், புத்தேளுலகு. ஏதாவது ஒன்றைப் போட்டு எல்லா இடத்திலும் மாற்றிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். திரும்பப் படித்தபோது கை நின்றுவிட்டது. யார் எந்தச் சொல்லைப் பிடித்தார்களோ அந்தச் சொல்லுக்கு ஏற்ற கதையையே படித்திருக்கிறார்கள்.

> செத்தவர்கள் உலகத்தில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தவனைப் பார்த்து ஊரில் ஒருத்தர்கூடப் பயப்படவில்லை. நாவலாசிரியர் கோட்டை விட்ட இடம் இது.

இதை எழுதிய அக்கா நம்மில் ரொம்பக் கவனமாகப் படிப்பவர். அவரே இப்படி எழுதியிருக்கிறார் என்றால் பழி நாவல் மேல் இல்லை. முதல் வாரத்தில் அறிமுகக் குறிப்பில் நான்தான் ‘பாதாளம்’ என்று போட்டேன், அது அப்படியே பரவிவிட்டது.

மூலக்கதையை ஒருமுறை பார்த்துவிடுவோம், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மாபினோகி என்ற இடைக்கால வெல்ஷ் கதைத் தொகுதியின் நான்கு கிளைகளில் முதலாவது. டவெட் நாட்டின் ஏழு கூற்றங்களுக்கும் தலைவன் புய்ல். (கான்ட்ரெவ் என்ற பழைய வெல்ஷ் நிலப்பிரிவுக்குக் கூற்றம் என்று போட்ட தம்பிக்கு நன்றி, அது கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. புய்ல் என்ற பெயரின் கடைசி ஒலி நம் எழுத்தில் இல்லை; ‘ல’ சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு குரல் இல்லாமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் விட்டால் வரும். ‘ழ்’ போட வேண்டாம் என்பது என் கருத்து.) ஆர்பெர்த்தில் இருக்கும் அவன் கிளின் கீஹ் பள்ளத்தாக்குக்கு வேட்டைக்குப் போகிறான். அங்கே யாருடைய நாய்களோ ஒரு கலைமானை வீழ்த்தி நிற்கின்றன, உடம்பு பளீரென்ற வெள்ளை, காது மட்டும் சிவப்பு. அவற்றை விரட்டிவிட்டு மானைத் தன் நாய்களுக்கு விடுகிறான். பின்னாலேயே நாய்களுக்குச் சொந்தக்காரன் குதிரையில் வருகிறான், அனூனின் அரசன் அரௌன். நீ யாரென்று தெரியும், ஆனாலும் உனக்கு வணக்கம் சொல்ல மாட்டேன் என்கிறான். நாய்களை விரட்டிய அவமரியாதைக்கு ஈடாகத்தான் இருவரும் ஓராண்டுக்கு உருவமும் இடமும் மாறிக்கொள்கிறார்கள்.

இப்போது புய்ல் அனூனுக்கு எப்படிப் போகிறான் என்று பாருங்கள். அரௌன் கூட்டிக்கொண்டு நடக்கிறான், அரண்மனை கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். குகை கிடையாது, இறங்கும் படி கிடையாது, சாவு கிடையாது. அதற்கு மேல், அரௌன் அவனைத் திட்டும்போது ‘எனக்கும் கடவுளுக்கும் இடையே சொல்கிறேன்’ என்று ஆணையிட்டுத்தான் திட்டுகிறான், டவெட்டில் இருக்கும் எந்தப் பிரபுவும் ஆணையிடுவது போல. நரகத்து ராஜா கடவுள் மேல் ஆணையிடுவானா? வருஷம் முடிந்து அவரவர் வீடு திரும்பிய பிறகும் இரண்டு பேரும் குதிரை, வேட்டை நாய், வல்லூறு என்று ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். நான்காம் கிளையில் புய்லின் மகன் பிரதெரியிடம் இருக்கும் பன்றிகள், அந்தத் தீவு அதுவரை கண்டிராத விலங்கு, அவையும் அரௌன் கொடுத்தனுப்பியவை. எல்லாம் பக்கத்து வீட்டுப் பழக்கம்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அனூன் என்ற சொல்லைப் பிரிக்கும்போது பின்பகுதிக்கு ‘ஆழம்’ என்றும் பொருள் கொள்ளலாம், ‘உலகு’ என்றும் கொள்ளலாம், அறிஞர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். கிறித்தவக் காலத்தில் வெல்ஷ்காரர்களே அதை நரகத்துக்குப் பெயராக வைத்தும் இருக்கிறார்கள். ‘கீழுலகம்’ என்று போட்ட அண்ணன் இதைத்தான் சுட்டியிருந்தார், தவறில்லை. ஆனால் அனூனைக் கொள்ளையிடப் போகும் பழைய பாட்டில் ஆர்தர் பிரிட்வென் என்ற கப்பலில்தான் போகிறான், போனவர்களில் ஏழு பேர் தவிர யாரும் திரும்பவில்லை. ஒரு கதையில் நடந்து போகலாம், ஒரு பாட்டில் கப்பல் ஏறிப் போகலாம் என்ற இடத்துக்குக் ‘கீழே’ என்று திசை குறித்துவிட்டால் வாசகர் மற்ற வழிகளைப் பார்க்கவே மாட்டார்.

மற்ற சொற்கள். நாகலோகம் என்றதும் பாம்பு வந்துவிடுகிறது, விட்டுவிடலாம். மறுவுலகத்தில் மறுமையும் மறுபிறவியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, திரும்பவும் சாவுதான். ஐயா சொன்ன புத்தேளுலகு மேல் எனக்கு உண்மையிலேயே ஆசை. ‘புத்தே ளுலகத்தும் ஈண்டும் பெறலரிதே’ என்று குறள் இரண்டு உலகத்தையும் ஒரே அடியில் வைத்துப் பார்க்கிறது, அந்த அருகாமை நமக்கு வேண்டியதுதான். ஆனால் பரிமேலழகர் தொடங்கி எல்லாரும் அதைத் தேவருலகம் என்றே படித்து வந்திருக்கிறோம். அரௌன் தேவன் இல்லை. ஆற்றுத்துறையில் எதிரியோடு மோதித் தீர்க்க முடியாமல் இன்னொருவன் உதவியைக் கேட்கும் அரசன்.

என் சொல் அயலுலகம்.

‘அயல்’ என்றால் அந்நியம் என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம், அயல்நாடு, அயல்மொழி என்று. ‘அண்டை அயல்’ என்று சொல்லும்போது அதே சொல் பக்கத்து வீடு ஆகிவிடுகிறது. இலங்கை நண்பர்கள் அயலவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்தானே? நம்முடையது இல்லை, ஆனால் தொட்டுக்கொண்டு இருக்கிறது: இந்த இரண்டும் ஒரே சொல்லுக்குள் வேண்டும் என்றால் ‘அயல்’ தவிர வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. கீஹ் ஆறு இன்றும் வேல்ஸில் பெம்புரோக்சயருக்கும் கார்மார்தன்சயருக்கும் எல்லையில் ஓடி டைவி ஆற்றில் கலக்கிறது. அப்படி ஒரு எல்லை மரக்கூட்டத்தில்தான் வேறொருவனுடைய நாய்கள் குறுக்கே வருகின்றன.

வேற்றுக்கிரகவாசி நினைவு வரும் என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். அறிவியல் புனைவில் ‘வேற்று’ நன்றாக ஊன்றிவிட்டது, அது அங்கேயே இருக்கட்டும். ‘அயல்கிரகம்’ என்று எழுதுவோரும் இருக்கிறார்கள்தான், ஆனால் அங்கே கிரகம் என்ற சொல்லே வேலையைச் செய்துவிடுகிறது, உலகத்தோடு குழம்பாது.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால் அரசிக்காகத்தான். கருத்துகளில் பாதிக்கு மேல் அந்த இரவுகளைப் பற்றியவை, நாவலும் தன் காதலை அங்கேதான் கட்டுகிறது. புய்ல் அரௌனின் உருவில் அவன் மனைவியோடு ஒரே கட்டிலில் படுக்கிறான். படுத்ததும் முகத்தைக் கட்டில் ஓரத்துக்குத் திருப்பி, முதுகை அவளுக்குக் காட்டி, விடியும்வரை ஒரு சொல் பேசுவதில்லை. பகலில் அன்பாகவே இருக்கிறான். ஒரு வருஷம், எல்லா இரவும் அப்படி. நம்மில் ஒருவருக்கு இது படித்ததிலேயே சிறந்த நட்பு. இன்னொரு தோழி, கேட்காமல் கொள்ளாமல் ஒரு பெண்ணின் ஓராண்டை இரண்டு ஆண்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று கொதித்திருக்கிறார். இரண்டுமே கதைக்குள் நின்று சொன்னவை, இரண்டுக்கும் இடம் உண்டு. மூன்றாவது இது:

> பாதாள அரசியின் மாயையில் விழாமல் ஒரு வருஷம் தாக்குப்பிடித்தான் பாருங்கள், அதுதான் வீரம்.

அவள் எங்கே மாயம் செய்தாள்? மூலத்திலும் இல்லை, நாவலிலும் இல்லை. பாதாளம் என்ற சொல் அவளை மோகினி ஆக்கிவிட்டது. உண்மையான அரௌன் திரும்பி வந்த இரவில் அவன் அணைத்துப் பேசுகிறான், அவள் பதில் சொல்லவில்லை. ஏன் பேசவில்லை என்று கேட்கிறான். ஓராண்டாக இந்த இடத்தில் நான் இவ்வளவுகூடப் பேசவில்லை என்கிறாள். முதலிலிருந்தே அவளை அடுத்த வீட்டில் வாழும் ஒரு பெண்ணாக நினைத்துப் படித்திருந்தால் அந்த வரியில் நெஞ்சு அடைத்திருக்கும். தோழியின் கோபமும் அப்போதுதான் மற்றவர்களுக்குப் புரியும்.

சரி, நடைமுறை. கதையில் பெயர் வரும் இடத்தில் அனூன் என்றே விடுவோம். இந்த வகைக் கதைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பேசும்போது மட்டும் அயலுலகம். ‘அயலுலகத்து நாய்கள்’, ‘அயலுலகக் காதல் கதை’, ‘அயலுலகத்துக்குப் போய் வந்தான்’ என்று போட்டுப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை. அயலுலகு என்று சுருக்கலாமா என்று ஐயா சொல்லட்டும். செய்யுளுக்கு அது அழகு, வாசகர் கருத்துக்கு ‘உலகம்’ இயல்பாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒன்றுதான் எனக்குத் தீரவில்லை. அங்கே வாழ்பவர்களை என்ன சொல்வது? அயலுலகர், அயலுலகத்தார், அயலுலகவாசி. ‘வாசி’ போட்டால் கிரகவாசி பக்கம் சாய்கிறது. ‘அயலுலகத்தார்’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஊரார், அயலார் வரிசையில் வந்து நிற்கிறது, ஆனால் அந்த அரசி ஒருத்தியை மட்டும் சொல்ல ‘அயலுலகத்தாள்’ என்றால் காதுக்கு எப்படி இருக்கிறது? புதன்கிழமை வரை கோப்பில் அவர்களைக் குறிக்கும் ஒன்பது இடங்களையும் மஞ்சளாகவே விட்டுவைக்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தொகுப்பாளர்