மாணவியரின் தூக்கம், உணவு, மனநலம்: ஆய்வுக்கு உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் முதுநிலை சமூகப்பணி படிக்கிறேன். வலங்கைமான், பாபநாசம், திருவிடைமருதூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் கல்லூரி மாணவியரின் அன்றாடப் பழக்கங்களுக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய விரும்புகிறேன்.

காலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பலர் சாப்பிடுவதில்லை. மாலையில் வீட்டு வேலை, பிறகு நள்ளிரவு வரை கைப்பேசி. உடற்பயிற்சி உண்டா என்று மட்டும் கேட்டால் போதாது; விடுமுறையில் நடவுக்குப் போவது எந்தக் கணக்கில் சேரும்?

மனச்சோர்வை அளக்க பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட படிவத்தைப் பயன்படுத்த எண்ணியிருக்கிறேன். சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவம் யாரிடமாவது இருக்கிறதா? அதன் 9-ஆவது கேள்வி, இறந்துவிடலாம் என்ற எண்ணமும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமும் பற்றியது. அதில் ஒரு பெண் 'பல நாட்கள்' என்று குறித்தால், படிவத்தை வாங்கிக்கொண்டு சும்மா போக என்னால் முடியாது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ எல்லோருக்கும் தருவேன். ஆனால் அன்றைக்கே நேரில் பேச, தஞ்சாவூர் கும்பகோணம் பகுதியில் பெண் மனநல ஆலோசகர் ஒருவர் அவசியம் வேண்டும்.

இன்னொன்று. தூக்கம் கெட்டு மனம் சோர்ந்ததா, மனம் சோர்ந்து தூக்கம் கெட்டதா என்பது ஒருமுறை கேட்டால் விளங்காது. ஒரு பருவம் கழித்து அதே மாணவியரிடம் மறுபடி கேட்டு ஆய்வு செய்தவர்கள், அதை எப்படி நடத்தினீர்கள் என்று எழுதுங்கள்.